எடைக்குப் போட்ட வரலாறு

நம் அரசுக்குக் கடல் வரலாற்றின் மீது சொல்லி மாளாத பாசம். குஜராத்தின் லோத்தலில் சுமார் 4,500 கோடி ரூபாயில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் எழுகிறது. உலகிலேயே உயரமான கலங்கரை விளக்க அருங்காட்சியகம் வரும். பழைய லோத்தல் நகரின் மாதிரியும் வரும். கடற்படையின் சீ ஹாரியர் போர் விமானமும் காட்சிக்கு நிற்குமாம்.

"இது எந்தக் கப்பல்லேருந்து பறந்துச்சு சார்?" என்று ஏதாவது பொடியன் கேட்டால் வாத்தியார் என்ன சொல்வார்? சீ ஹாரியர்களைச் சுமந்த விமானந்தாங்கிக் கப்பல் விராட். அதை அதே குஜராத்தில், அலங்கில்தான் கேஸ் கட்டரால் துண்டுபோட்டார்கள்.

1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய கப்பல் அது. நாம் வாங்கிய பிறகு, 1987 முதல் 2017 வரை நமக்கு உழைத்தது. ஏலத்தில் போன விலை 38.54 கோடி. அதை அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2018இல் 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, ஒப்புதலோடு சரி. கப்பலைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போனவர்களுக்கு 2021 ஏப்ரலில் கிடைத்த பதில்: காலம் கடந்துவிட்டது, 40 விழுக்காடு உடைத்தாயிற்று.

முன்னுதாரணம் இல்லாமலா செய்தார்கள்? 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டு போட்ட விமானங்கள் கிளம்பியது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற அதை, ஆபத்து என்று 2012இல் சாத்தினார்கள். 2014இல் சுமார் 60 கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இரும்பை உருக்கிக் கலந்து 2016இல் பஜாஜ் பைக் வந்தது. இனி தேசபக்தியைத் தவணையில் வாங்கலாம், மைலேஜும் கிடைக்கும்.

கப்பல் துருப்பிடிக்கும், சரி. காகிதத்துக்கு என்ன கேடு? போர் வரலாற்றை 5 ஆண்டுக்குள் தொகுக்க வேண்டும், ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டில் ரகசியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்டது 2021 ஜூனில். 1971 போருக்கு அப்போது வயது 50. களத்தில் நின்ற எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்த பிறகு, சாவகாசமாக.

பணமில்லை என்ற கதையை மட்டும் சொல்லாதீர்கள். நகலுக்குக் கோடிகள் கிடைத்தன; அசலுக்குத்தான் கஜானா காலி. குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அடுத்த கப்பலை ஏலப் பட்டியலில் எழுதும் முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள், ஐயா. மக்கள் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறார்கள்.