புகையா, பனியா?

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டியில் சேர்ந்திருக்கிறேன். எதிரணியை மடக்க முதலில் எதைக் கற்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, செகந்திராபாத்

பதில்: முதலில் உங்கள் வாதத்தை நீங்களே மடக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், தங்கையே! அதற்கான பாடநூல் நம் வீட்டிலேயே இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்கிறார். நிறுவ வந்த கூற்று, அதற்கான காரணம், எடுத்துக்காட்டு என்று பொருள். மூன்றிலும் போலிகள் உண்டு என்று எச்சரித்து, அவற்றையும் வகைப்படுத்துகிறார்.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரியான வாதம். ஆனால் மார்கழிக் காலையில் ஹுசைன் சாகர் மேல் தெரிவது புகையா பனியா என்று உறுதி செய்யாமலே ‘ஏரியில் தீ!’ என்று கத்தினால், அது அசித்தம் என்னும் ஏதுப்போலி. ‘பிரியாணி உப்புக் கரிக்கிறது’ என்றவரிடம் ‘உனக்குச் சமைக்கத் தெரியுமா?’ என்று பாய்வதும் போலிதான். ஆளை அடித்தால் உப்பு குறையாது.

மேடையேறும் முன் எதிரணியின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிப் பாருங்கள். அது முடிந்தால்தான் மறுக்கும் தகுதி வரும். கோப்பை ஒருநாள் மங்கும்; தெளிந்த சிந்தனை கடைசிவரை கூட வரும்.