இரண்டாம் அறுபது

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டு கெட்டுவிட்டது என்று மூத்த வீரர்கள் புலம்புவது நன்றிகெட்ட வேலை. 2004-இல் 60-ஆம் லெவல்தான் உச்சம். பிறகு உச்சம் உயர உயர, ராத்தூக்கம் கெட்டு, பன்றியும் ஓநாயுமாக அடித்து 120 வரை ஏறினார்கள். 2020-இல் அந்த 120 ஒரே நாளில் 50 ஆனது; புது உச்சம், அதே 60. உழைத்தவனுக்கு வயதைக் குறைத்துத் தரும் முதலாளி வேறெங்கே உண்டு?

பழைய கஷ்டமே சுகம் என்றவர்களையும் கைவிடவில்லை. 2019-இலேயே பழைய ஆட்டத்தைத் தூசி தட்டித் திறந்தார்கள். உள்ளே நுழைய மணிக்கணக்கில் காத்திருப்பு. நுழைந்த பிறகும், ஒரு வில்லனைக் கொல்ல ரேஷன் கடை மாதிரி வரிசை! அடித்துக்கொள்ளவே வந்தவர்கள், முறை வரும்வரை வாளோடு அடக்கமாக நின்றார்கள்.

கம்பெனிக்கு மனசு கேட்கவில்லை. 2021-இல், அந்தக் கஷ்டம் எதுவும் படாமல் நேரே 58-ஆம் லெவலில் போய் இறங்க, ஏறக்குறைய 40 டாலருக்கு வழி செய்துகொடுத்தது. ஒரு கணக்குக்கு ஒரு முறைதான் என்ற கண்டிப்பு வேறு.