வெயிலில் சாகவிருப்போர் கவனத்திற்கு

இந்தக் கோடையில் சாகலாம் என்றிருக்கும் சித்தாள்கள், தார் ரோடு போடுகிறவர்கள், உப்பளத்துப் பெண்கள், சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கண்ட இடத்தில், கண்ட நேரத்தில், தோன்றியபடி செத்து வைக்காதீர்கள். வெயிலில் சாவதற்கு விதிமுறை இருக்கிறது. அதன்படி சாகாதவர் யாரும் வெயிலில் செத்தவராகக் கணக்கில் வரமாட்டார். சும்மா செத்தவர் என்றுதான் கொள்ளப்படுவார்.

முதலில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30 வரையாவது ஏறியிருக்க வேண்டும். ஏறினால் மட்டும் போதுமா? அன்றைய இயல்பைவிட நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்பிரிவுக்குள் இரண்டு நிலையங்களிலாவது, இரண்டு நாளாவது நீடிக்க வேண்டும். (நேரே 45-ஐத் தொட்டுவிட்டால் இந்த இயல்புக் கணக்கு வேண்டாம். அது குறுக்குவழி.) இதில் வேலூர்க்காரர் பாடுதான் திண்டாட்டம். கத்திரியில் அவர் ஊருக்கு 40 டிகிரி என்பதே இயல்பை ஒட்டியது. 42 அடித்தாலும் அது அலையாகாது, மே மாதம், அவ்வளவுதான். சென்னைக்காரருக்கு வேறொரு சங்கடம். 36 டிகிரியில் கடல் காற்று வராத மத்தியானம், வியர்வை ஒழுகுமே தவிர உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பது உயிரியல். ஈரப்பதத்துக்கு இந்த வரையறையில் இடமில்லை என்பது நிர்வாகம். புழுங்கிச் சாகிறவர் நிர்வாகத்தின் பக்கம் நின்று சாவது நல்லது.

வெப்பத்தை எங்கே அளக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வானிலை நிலையத்தில் நான்கு கால்களில் ஒரு மரப்பெட்டி நிற்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். ‘புதையல் தீவு’ எழுதியவரின் அப்பா வடிவமைத்தது. நாலு பக்கமும் சாய்வுச் சட்டங்கள், காற்று தாராளமாக வந்து போகும். வெயில் உள்ளே இறங்காத கூரை. உள்ளும் புறமும் வெள்ளை வண்ணம். கீழே வெறும் தரை கூடாது, புல் வேண்டும். சூடு எதிரொளிக்கும் சுவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. இத்தனை மரியாதையும் உள்ளே குடியிருக்கும் வெப்பமானிக்கு. நிழல், காற்றோட்டம், வெள்ளைக் கூரை, சுற்றிலும் பசுமை என்று நிபுணர்கள் ஏழை வீடுகளுக்குப் பரிந்துரைக்கும் அத்தனையும் அரசாங்கம் ஒரே ஒரு பேர்வழிக்கு முழுசாகச் செய்து கொடுத்திருக்கிறது. அந்தப் பேர்வழி ‘இன்று 38’ என்று சொல்வதுதான், தகரக் கொட்டகையில் படுத்திருப்பவனுக்கும், சென்ட்ரிங் தகட்டின்மேல் வெறுங்காலோடு கம்பி கட்டுகிறவனுக்கும் அன்றைய வெப்பநிலை.

அடுத்தது பட்டியல். மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி எல்லாம் உண்டு. பூச்சித் தாக்குதல் உண்டு. பனிச்சரிவு உண்டு. குளிர் அலையும் உண்டு. வெப்ப அலை கிடையாது. சேர்க்கச் சொல்லி மாநிலங்கள் கேட்டபோது, இருக்கிற பட்டியலே போதும் என்றது 15-வது நிதி ஆணையம். ஆக, ராமநாதபுரத்தில் ஒருவர் உறைபனியில் விறைத்துச் செத்தால் டெல்லிக்குத் துக்கம். பேரிடர் நிதியில் பத்து சதவீதத்தை உள்ளூர்ப் பேரிடருக்கென்று மாநிலமே செலவிட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு சலுகை. அந்தச் சந்தில் நுழைந்துதான் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. அறிவித்தார்கள்.

அதே அக்டோபரில்தான், 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி நடந்தது. பொழுதுபோகாமல் யாரோ குறித்த நேரம்போல, காலை 11 முதல் மதியம் 1 வரை. லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறுவதற்காக லட்சக்கணக்கில் ஆள் சேர வேண்டும் என்ற ஆசை வேறு. சேர்ந்தார்கள். நிழலில்லாத மணலில் குழந்தை குட்டிகளோடு நின்றார்கள், கலையும்போது வெளியேற வழியில்லாமல் நெரிந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். அது கத்திரியுமல்ல, அலையுமல்ல, எந்த வரையறைக்குள்ளும் வராத சாதாரண அக்டோபர் வெயில். படுக்கைகளும் மருத்துவர்களும் தயாராக வைத்திருந்தோம், குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம் என்று பதில் வந்தது. குடை கொண்டுவராதது குற்றம். உச்சிப் பொழுதைக் குறித்தது குற்றமல்ல. முந்தைய ஆண்டு ஏப்ரலில் நவி மும்பை கார்கரில் மகாராஷ்டிர பூஷண் விருது விழாவும் இப்படித்தான். மேடைக்குப் பந்தல், மக்களுக்கு வானம், 14 சாவு. இந்த நாட்டில் பந்தல் போடத் தெரியாதவர்கள் யாருமில்லை. எங்கே போட வேண்டும் என்பதில்தான் தெளிவாக இருக்கிறார்கள்.

நம் ஊரிலும் பந்தலுக்குக் குறைவில்லை. ஏப்ரல் பிறந்தால் தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சிக்கும் ஒரே பானைதான். முதல் நாள் தர்பூசணி, கிர்ணி, நீர்மோர், ரஸ்னா. பிரமுகர் வந்து நாலு பேருக்கு ஊற்றிக் கொடுத்து, ஐந்தாவது ஆளாகத் தானும் ஒரு வாய் குடித்துப் படமெடுத்துக்கொள்வார். நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். பானை கவிழ்ந்திருக்கும், டம்ளர் போய் சங்கிலி மட்டும் தொங்கும். தலைவர் மட்டும் ஃபிளெக்ஸில் வியர்க்காமல் சிரித்துக்கொண்டிருப்பார். சிக்னல்களில் பச்சை வலை கட்டினார்கள், நல்லதுதான், ஸ்கூட்டரில் போகிறவருக்கு அரை நிமிட நிழல். நடந்து போகிறவர் என்ன செய்வார்? பேருந்து நிறுத்தத்தில் எவர்சில்வர் இருக்கை இருக்கிறது. மே மாத மத்தியானம் அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், தோசைக்கல்லின் நியாயம் புரியும். டெலிவரி பையன்களுக்கென்று 2025-இல் சென்னை மாநகராட்சி குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. ஏசி ஓடுகிறது. ஆர்டர் தாமதமானால் பையனின் காசை வெட்டுகிற செயலியும் ஓடுகிறது. அவன் எதற்கு ஓடுவான் என்று உங்களுக்கே தெரியும்.

கருத்தரங்குகளைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். அப்படி ஒன்றில் உட்காரும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது. நட்சத்திர விடுதி, ‘தீவிர வெப்பத்தை எதிர்கொள்ளும் வட்டாரங்கள்’ என்கிற மாதிரி ஒரு தலைப்பு. உள்ளே அடித்த குளிரில் ஓர் அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கோட்டு போட்டவர்கள் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்கள். “ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க சார்” என்று திரையில் சிவப்பு வரைபடம் ஓடும்போதே கிசுகிசுப்பு. ஜன்னலுக்கு வெளியே அந்த ஏசிகளின் வெக்கையெல்லாம் கொட்டுகிற சந்தில், விருந்தினர்களின் கார் ஓட்டுநர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் ஒரு வட்டாரம்தானே, கூப்பிடவில்லை.

வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட அமைச்சரைப் பார்த்து 2017-இலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. தண்ணீருக்கு நிழல் வேண்டும் என்றாவது அந்த மனிதருக்குத் தோன்றியதே!

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போங்கள். மேலே வெயில், கீழே பாத்தியிலிருந்து முகத்தில் அறைகிற வெள்ளை ஒளி, காலெல்லாம் உப்புநீர் அரித்த புண். உப்பு வாருகிற பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தாகம் இல்லாமலா? குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு புதர்கூட இல்லை, கழிப்பறை பற்றிக் கேட்கவே வேண்டாம். விடிகாலை இறங்கினால் வேலை முடிகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருப்பதுதான். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான ஆய்வுக் குழு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், சிறுநீரகம் கெட்டவர்களும் இருக்கிறார்கள். அதே குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து இன்னொன்றும் சொன்னது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது போன்றவற்றின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. வயிற்றிலேயே போன பிள்ளைக்கு எந்த அரசாணையில் நிவாரணம்? இதற்கெல்லாம் மாநாடு எதற்கு, மீள்திறன் எதற்கு, நாலு சுவரும் ஒரு கதவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். ஒரு கழிப்பறை கட்ட வக்கில்லாதவர்கள் பருவநிலையைக் குளிர்விக்கக் கிளம்பிவிட்டார்கள்.

சாலையோரப் புளியமரங்களை நாலுவழிச் சாலைக்கு வெட்டியதையும், பள்ளிக்கரணைச் சதுப்பில் பத்தில் ஒரு பங்குபோல மிச்சம் வைத்து 2022-இல் அதற்கு ராம்சார் பட்டம் வாங்கியதையும் விரித்தால் பக்கம் போதாது. வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நட்டிருக்கிறார்கள். கூண்டில் நட்டவர் பெயர் இருக்கும், கன்று இருக்காது.

சரி, சாவுக்கு வருவோம். விதிப்படி எல்லாம் பொருந்திச் செத்தாலும் சான்றிதழ் வேண்டும். வெயில்தான் காரணம் என்று உரிய அதிகாரி எழுதித் தர வேண்டும். வெப்ப வாதத்தைக் கண்டுபிடிக்க, விழுந்தவுடன் உடம்பின் உள்வெப்பத்தை அளக்க வேண்டும், 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அந்தச் சாட்சியம் ஆறிப்போயிருக்கும். பிரேதப் பரிசோதனையிலும் வெயில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவதில்லை. ஆகவே ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கொடுப்பார்கள். பொய்யுமில்லை. இதயம் நின்றுதான் எல்லோரும் சாகிறோம், தூக்கில் தொங்கியவர் உட்பட. அகமதாபாத்தில் 2010 மே மாதம் கொளுத்தியபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பதை ஆய்வாளர்கள் இறப்புக் கணக்கை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். அந்த எண் உலுக்கியதால்தான் அந்த நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. பதிவேடு நம் ஊர் மாநகராட்சிகளிலும் இருக்கிறது. எண்ணினால் எண்ணிக்கை வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

துபாயில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கினால் முதலாளிக்கு ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம். தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதில் பேர்போன ஊர், அங்கேயே இது சட்டம். பக்கத்துக் கேரளத்திலும் கோடை வந்தால் தொழிலாளர் துறை மதிய வேலையை நிறுத்தி உத்தரவு போடுகிறது. நமக்கு வருவது ஆலோசனை. ‘12 முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், இளநீர் பருகுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள்.’ அண்ணன் துபாயில் நிழலில் உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் தம்பி வேளச்சேரியில் நாலாவது மாடிக்குக் கலவை சுமக்கிறான், பருத்தி ஆடையோடுதான். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரலாம் என்று சொல்லவே 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்த மாநிலம் இது. சித்தாள் உட்கார எத்தனை தேர்தல் ஆகுமோ! செத்தால் 4 லட்சம் என்பதற்கு அரசாணை இருக்கிறது. கூலி பிடிக்காமல் மூன்று மணி நேரம் நிழலில் உட்கார வைக்கச் சட்டம் இல்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார், போங்கள். போகும்போது ஆதார் அட்டையை மறக்காமல் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாத பிணத்துக்கு நிவாரணம் வாங்க ஆள் வராது.