துணிப்பையும் கையுறையும்

கொழும்பில் வாகன மாநாடு நடந்தால் புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுக் கராஜ்காரருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குளிரூட்டிய மண்டபத்தில் ‘எதிர்காலப் போக்குவரத்து’ பற்றி முழங்குபவர், உப்புக்காற்றில் இறுகிப்போன போல்ட்டை ஒருநாளாவது கழற்றியிருப்பாரா என்பது சந்தேகமே. பகல் சாப்பாட்டு வரிசைதான் அங்கே உண்மையான பொது அமர்வு. கைக்கு வருவது ஒரு துணிப்பையும் பேனையும்.

ஆனாலும் போகத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் நாடு ஓடியது பழைய வண்டிகளிலும் கராஜ் பாஸ்மாரின் கைகளிலும். பழைய எஞ்சினைப் பற்றி அந்தக் கைகளுக்கு எந்தப் பேராசிரியரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிரியஸ் ஹைபிரிட் காரின் பற்றரியோ சுமார் 200 வோல்ட். தொட்டுப் பார்த்துப் பழகுகிற சாமான் அல்ல. ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கையை எடுக்கவேண்டும் என்பதை யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது. மாநாட்டுக்காக இரண்டு நாள் கராஜை மூடினால் உழைப்புப் போகும் என்பதும் சரியே. ஆகவே ஏற்பாட்டாளர்களே, அடுத்த மாநாட்டைப் புத்தளத்தில் வையுங்கள், தமிழிலும் பேசுங்கள். துணிப்பைக்குப் பதிலாக, மின்சாரம் தாக்காத கையுறை ஒரு சோடி கொடுங்கள்.