சத்தமே போடாது

நாய் வளர்ப்பவர்களிடம் நான் பீற்றிக்கொண்ட ஒரே விஷயம், எங்கள் வீட்டு முயல் சத்தமே போடாது என்பதுதான். குரைக்காது, கதவைப் பிறாண்டாது. புதூரில் எங்கள் தெருவில் இதைக் கேட்டுச் சலிக்காத ஆள் கிடையாது.

ஒருநாள் அது தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் இளையராஜா. ‘ரசிகன்’ என்று படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பல்லை நறநறவென்று கடித்தபோதும் அசரவில்லை. தடவிக்கொடுத்தால் முயல் சந்தோஷத்தில் பல்லை உரசும் என்று மகளுக்குப் பாடமே நடத்தினேன். மெல்ல உரசினால்தான் சுகம், பக்கத்து அறைவரை கேட்டால் வலி என்பதை வாத்தியார் படிக்கவில்லை.

காதைப் பார்க்கச் சொன்னவள் மனைவி. உள்ளே பழுப்பாக, அடுக்கடுக்காக, கரண்டியில் காய்ந்த தோசைமாவு மாதிரிப் பொருக்கு. பஞ்சுக்குச்சியால் சுரண்டினேன். அலறியது பாருங்கள் ஓர் அலறல்! முயலுக்குக் குரல் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுத்து, மகளுக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பை எடுத்தேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவமனையில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூடையோடு நின்றேன். “கறிக்காண்ணே?” என்றார் காளைக்காரர்.

டாக்டர் காதில் வெளிச்சம் அடித்தார். “சொறிப்பூச்சி. சீழ் உள்காதுவரை போயிருக்கும்போல, அதான் தலை சாயுது. பொருக்கைப் பிய்க்கவே கூடாது சார், உயிர் போற வலி. ஐவர்மெக்டின் போட்டா பூச்சி செத்துத் தானா உதிரும்.” சீழுக்குத் தனி மருந்து, வலிக்கு மெலாக்சிகாம். சும்மா கேட்பதுபோல அமாக்ஸிசிலினைப் பற்றிக் கேட்டேன். வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாம். நாய்க்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டும் ஆகாதாம். நல்லவேளை, அது என் அலமாரியில் இல்லை.

“நரிக்கும் கழுகுக்கும் பயந்தே பொழைக்கிற சாதி சார். வலிக்குதுன்னு காட்டாது. தின்னுதா, புழுக்கை போடுதான்னு பாருங்க. அரைநாள் தின்னலேன்னா குடல் நின்னுடும், உடனே தூக்கிட்டு வாங்க.”

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாயில் விடவேண்டும். பாதி என் சட்டைக்குத்தான் போகிறது. என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறது. மனைவி கூப்பிட்டால் அருகம்புல்லுக்கு வருகிறது. நான் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புழுக்கையைக் குனிந்து ஆராய்கிறேன்: உருண்டையா, சிறுத்திருக்கிறதா, நேற்றைவிடக் குறைவா?

“உங்க சுகர் ரிப்போர்ட்டை என்னைக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?” என்கிறாள் மனைவி.