ஹாலிஎலவின் நீளம்: ஓர் ஆராய்ச்சி

பதுளைக்கு முந்தின ரயில் நிலையமான ஹாலிஎலவின் நீளம் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. ஊரின் நீளத்தை நில அளவைத் திணைக்களம் பார்த்துக்கொள்ளும். இங்கே ஆய்வுக்குரியது பெயரின் நீளம்.

பள்ளிக்கூடப் பிள்ளை ஹா, லி, எ, ல என்று விரல் மடக்கி 4 என்னும். இலக்கணக்காரர் மாத்திரை பார்த்து 5 என்பார், முதலெழுத்து வடவெழுத்தாயிற்றே என்று முகம் சுளித்துவிட்டு. பைத்தனின் 'லென்' 6 என்கிறது. யுனிகோடில் அரவும் (ா) விசிறியும் (ி) தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 வீதம் 18 பைட். நால்வர் சொல்வதும் மெய்.

வெட்டும் இடத்தில்தான் சண்டை. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர் ஒருவர், கட்டத்தில் இடம் போதாமல், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பிஎச்பி நிரல்துண்டால் பெயரை 10இல் நறுக்குகிறார் என்று வைப்போம். 'சப்ஸ்டர்' பைட்டை எண்ணும். விசிறி முதல் பைட்டோடு அறுந்து, திரையில் 'ஹால' வுக்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துள் கேள்விக்குறி விழும். குறியை எண்ணும் 'எம்பி_சப்ஸ்டர்' போட்டு 3இல் வெட்டினால் கேள்விக்குறி போகும், 'ஹால' அப்படியே நிற்கும். எழுத்தை எண்ணும் 'கிராஃபீம்_சப்ஸ்டர்' போட்டு 2இல் வெட்டினால் 'ஹாலி' முழுதாக வரும். அதற்கு இன்டல் நீட்சியை இயக்கி வைத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதே வேலைக்கு 'இன்டல் செக்மென்டர்' உண்டு. நேர்முகத் தேர்வுகளில் ஆசையாய்க் கேட்கிற, சொல்லைத் திருப்பிப் போடும் துண்டிடம் கொடுத்துப் பாருங்கள்: அரவு ஹவை விட்டு லவிடம் போய்விடும், விசிறி எவின் தலையில் ஏறும்.

இதே ரயில் வழியிலுள்ள தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே நுழைவதை ஊர் உலகமெல்லாம் வந்து படம் பிடிக்கிறது. அந்தப் பெயரின் 'மோ' இரண்டு வழியில் எழுதப்படுவதை யாரும் படம் பிடிப்பதில்லை. ஓகாரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் அரவுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. சேமிக்குமுன் என்எஃப்சி வடிவுக்கு 'நார்மலைஸ்' செய்தால் தீரும்.

தீராதது ஒன்று. சொல்லின் நடுவில் உயிரெழுத்து வரலாகாது என்போர் 'ஹாலியெல' என்று எழுதுவர்: எழுத்து 4, குறி 7, பைட் 21. 'நார்மலைஸ்' இதற்கு உதவாது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று சொல்லும் அட்டவணை ஒன்றைக் கையால் தட்டித்தான் சேர்க்க வேண்டும். தட்டும்போது, 'ஹாலி எல' என்று இடைவெளி விடுகிறவர்களுக்கும் ஒரு வரி.