வாலியின் வரம்

ஒஹாயோவில் ஒரு சோளக்காட்டோரம் புல் மண்டிக் கிடந்தது அந்த அலுமினிய டிரெய்லர். 1960களின் ஏர்ஸ்ட்ரீம். பெரிய இட்லிக் குண்டானைப் படுக்கவைத்து ஜன்னல் வெட்டினாற்போல இருந்தது. "லேசாத் துடைச்சாப் போதும்" என்றார் விற்றவர்.

இந்த வண்டியின் தகப்பனார் வாலி பையம். விமானம் கட்டுவதுபோல அலுமினியத் தகட்டை வளைத்து, ரிவெட் அடித்துச் சேர்த்து, 1936-இல் 'கிளிப்பர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தவர். வாலிக்கு எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்கே போய்விடும் என்று பாட்டி சொன்ன கதை, செக்கில் கையெழுத்துப் போடும்போது ஞாபகம் வரவில்லை.

மனைவியை மசியவைக்க வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். 1969-இல் நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ 11 வீரர்களை, கிருமி ஏதும் ஒட்டி வந்திருக்குமோ என்று நாசா முதலில் அடைத்துவைத்தது ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்த அறையில்தான் என்றேன்.

"அவங்களைச் சீக்கிரம் வெளியே விட்டுட்டாங்க இல்ல?" என்றாள்.

கம்பளத்தை உரித்தேன். அடியில் பிளைவுட் இருந்த இடத்தில் ஊறிய கேக் இருந்தது. அறுபது வருட மழை. சுவருக்குள் இருந்த கண்ணாடிப் பஞ்சில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. பட்டா மட்டும்தான் வாங்கவில்லை. லேசாகத் துடைக்கப் போனவன், தரையை மாற்றுவதற்காக மேற்கூட்டையே சட்டத்திலிருந்து கழற்றித் தூக்கினேன்.

அப்புறம் பாலிஷ். பசை தடவித் தேய்த்தால் தகடு கறுப்பாகக் கக்கும். துடைக்கத் துடைக்கக் கறுப்பு. ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்ததில் ஒரு முழத் தகட்டில் என் முகம் தெரிந்தது. பார்க்கும்படி இல்லை.

வீடியோவில் அம்மா, "புளி போட்டுத் தேய்டா" என்றாள்.

"அது பித்தளைக்கும்மா."

"அப்போ பித்தளையிலேயே வாங்கியிருக்கலாமே?"

ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. வெளியே நான் ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே மனைவி இரும்புக் கட்டியை முட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் ரிவெட்டின் வால் நசுங்கிப் பிடிக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது; சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டோம். இரண்டு தட்டு என்றால் 'சரி'. மூன்று தட்டு என்றால் 'பிடுங்கு'. ஒருநாள் தட்டு நிற்கவே இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அர்த்தம், குளவி.

போன மாதம் வேலை முடிந்தது. அன்றே நல்ல மழை. ஒழுகாத வீட்டைப் பூட்டிவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்குள் படுத்தோம். விளக்கை அணைத்து, போர்வைக்குள் மூச்சடக்கிக் காத்திருந்தோம். நள்ளிரவில் ஒரு சொட்டு, சரியாக என் நெற்றியில். டார்ச் அடித்தேன். கூரை வளைவில் ஒற்றை ரிவெட்.

"பாத்தியா, வாலியை மறைஞ்சிருந்துதான் பிடிக்கணும்" என்றேன், பெருமையோடு.

பதில் வரவில்லை. இருட்டில் தகட்டை யாரோ தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தட்டு.